ஒப்புகை வராத தண்ணீர்

அணை இயக்கக் கையேட்டின் ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: உபரிநீரைத் திறப்பதற்குக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்னதாக, மாநில எல்லைக்கு அப்பால் உள்ள பிரிவு அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அதன் ஒப்புகையைப் பெற்ற பின்னரே மதகுகளை உயர்த்த வேண்டும்.

நல்ல விதி. இதைவிட நல்ல விதியை என் முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் பார்த்ததில்லை. அதில் ஒரே ஒரு குறை உண்டு. ஒப்புகை வராவிட்டால் தண்ணீரை எங்கே நிறுத்தி வைப்பது என்று அதில் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அணையின் மேல் குடை பிடித்து நின்றிருந்தேன். குடை ஒரு சம்பிரதாயம். எங்கள் மலையில் ஆவணி மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வரும். சில நாள் கீழிருந்தும் வரும். மதகைத் தூக்கும் சங்கிலிகளில் தடவிய கிரீஸ் நனைந்து, பழைய பஸ் டிப்போ வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

போஜன் கைப்பிடிச் சுவருக்கு மேல் குனிந்து அளவுப்பலகையைப் பார்த்தார். பிக்கட்டி ஊர்க்காரர். ஷட்டர் இயக்குபவர். அந்த அணையில் எனக்கு முன்னால் ஏழு அதிகாரிகளைப் பார்த்தவர். எட்டாவதாக நான் போனபோது என்னையும் அளவுப்பலகையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"ஒண்ணரை அடிதானுங்க மேடம் பாக்கி. நேத்து சாயங்காலம் மூணடி இருந்துச்சு."

"ஃபேக்ஸ் வந்துச்சா?"

"நாம அனுப்பினதுக்குப் போயிருச்சுன்னு சீட்டு வந்துச்சுங்க. அவங்க கிட்ட இருந்து ஒண்ணும் வரலீங்க."

அணையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மறுப்புக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத இப்போது என்னிடம் தட்டச்சர் இல்லை. பெர்ன்ஹில்லில் இருக்கும் என் வீட்டில் ஒரு பூனை மட்டும் இருக்கிறது. அதுவும் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பவானியில் போய்ச் சேரும் சிறு கிளை அது. எங்கள் தேயிலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பிறந்து, மேற்கே இறங்கிக் கேரளத்துக்குள் நுழைந்து, அங்கே ஒரு பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து ஓடிவிட்டு, மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. பிறந்த வீடு இங்கே, படிப்பு அங்கே, வாழ்க்கை மீண்டும் இங்கே. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் கொடுப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் அந்த ஆற்றை நிர்வகிப்பது.

மனுவாக வந்த பத்திரிகை

எல்லைக்கு அப்பால், அணையிலிருந்து தண்ணீர் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரும் இடத்தில், ஒரு தரைப்பாலம் இருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம். தோட்டக்காரர் பழனிச்சாமி. அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அவருடைய அப்பா காலத்திலேயே கோயமுத்தூர்ப் பக்கமிருந்து போய்க் காடு திருத்தியவர்கள்.

பழனிச்சாமியை நான் நேரில் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கையெழுத்தை நன்றாக அறிவேன். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அவரிடமிருந்து ஒரு மனு வரும். முன்னறிவிப்பின்றித் தண்ணீர் திறந்ததால் ஆற்றோரம் இருந்த தன் மோட்டார் போய்விட்டது என்பது பொருள். பெறுநர் நான். நகல் எட்டுப் பேருக்கு. எட்டாவது நகல் யாருக்குப் போகிறது என்று எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. பிறகு கேட்டேன். அது அவருடைய பீரோவுக்கு.

நானும் ஆண்டுதோறும் பதில் எழுதினேன். மனுதாரர் அண்டை மாநிலத்தில் வசிப்பதால் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்பது என் பதில். இருவருக்கும் இதில் மனக்கசப்பு இருந்ததில்லை. சொல்லப்போனால், ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகக் கடிதம் எழுதிக்கொள்ளும் உறவு எனக்குச் சொந்தக்காரர்களிலேயே கிடையாது.

அந்த ஆண்டு ஆடி மாதமே ஒரு மனு வந்துவிட்டது. பொருள்: என் மகளின் திருமணத்தன்று தண்ணீர் திறக்காதிருக்க வேண்டுதல். பார்வை: இணைப்பில் கண்ட திருமண அழைப்பிதழ். இணைப்பைப் புரட்டினேன். மஞ்சள் தடவிய பத்திரிகை. ஆவணியில் ஒரு ஞாயிறு, காலை ஆறு முதல் ஏழரை வரை முகூர்த்தம். முந்தின நாள் இரவு ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. இடம்: தரைப்பாலம் அருகில், ஆற்றங்கரை வாழைத்தோட்டம்.

மாப்பிள்ளை வீடு எதிர்க்கரை. அதாவது ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் அவருடைய தொண்ணூறு சொந்தக்காரர்களும் அந்தத் தரைப்பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

நான் பத்திரிகைக்கு உள்வரவு எண் போட்டேன். மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்திரிகையை மட்டும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இணைப்பைப் பிரித்து வைப்பது விதிமீறல். அந்த மாதத்தில் நான் செய்த முதல் விதிமீறல் அதுதான்.

உத்திராடத்தன்று யார் எடுப்பார்கள்

கீழே உள்ள பிரிவு அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை காலையே தொலைநகல் அனுப்பிவிட்டேன். பிறகு தொலைபேசி. மணி அடித்தது. அழகாக, இடைவிடாமல் அடித்தது. பதினோராவது முறை போஜன் சொன்னார், "மேடம், நாளைக்கு உத்திராடம், நாளன்னிக்குத் திருவோணம். செவ்வாக்கிழமை வரைக்கும் அங்க பூட்டுத்தானுங்க எடுக்கோணும் போன."

விதியை எழுதியவர் சென்னையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஓணம் என்று ஒன்று இருப்பதும், அது எங்கள் அணை நிரம்பும் வாரத்தில்தான் வரும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பக்கத்திலிருந்து பொங்கல் வாரத்தில் எங்களுக்கு ஒரு அவசரக் கடிதம் வந்தால் நாங்களும் அதே அழகில்தான் மணியடிக்க விட்டிருப்போம்.

மேலிடம் வழியாகவும் சொன்னேன். அந்த வழி இப்படி: எங்கள் அணையிலிருந்து வட்டத் தலைமை, அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து அவர்களுடைய தலைநகர், அங்கிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து பிரிவு, பிரிவிலிருந்து பழனிச்சாமியின் வாழைத்தோட்டம். தகவலுக்கு இரண்டு நாள் ஆகும். தண்ணீருக்கு ஐந்து மணி நேரம். தண்ணீர் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை என்பதுதான் அதற்குள்ள ஒரே வசதி.

சனிக்கிழமை காலை நிலவரம் இதுதான். நான் விதிப்படி கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அன்று இரவு அணை நிரம்பும். நிரம்பிய பிறகு மதகைத் திறக்க யாருடைய ஒப்புகையும் தேவையில்லை. பதினொன்றாம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அப்போது திறக்கும் தண்ணீர் பெரிய தண்ணீராக இருக்கும். அது முகூர்த்த நேரத்தில் பந்தலுக்குள் வரும். நான் குற்றமற்றவளாக இருப்பேன்.

போஜன் தன் கணக்கைச் சொன்னார். அவர் கணக்குச் சொல்லும்போது விரலை மடக்க மாட்டார். மதகைப் பார்ப்பார்.

"இப்பவே ஆறங்குலம் தூக்கி வுட்டா இடம் கொஞ்சம் காலியாகுமுங்க. நாளைக்குக் காலைல முகூர்த்தத்துக்கு மூடி வெச்சுக்கலாம். இப்ப தூக்கலீன்னா, நாளைக்கு அது நம்மளக் கேட்டுட்டு வராதுங்க மேடம்."

நான் பத்திரிகையிலிருந்த எண்ணை அழைத்தேன்.

ஒரு பக்கத்தின் தலைப்பு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். கம்பளிக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். தேநீரில் வர்க்கி ரொட்டியைத் தொட்டுக்கொள்ளும்போதும் கடிகாரத்தைப் பார்த்து முக்குவார். பதிவேட்டில் நான் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதினேன் என்பதற்காக முழுப் பக்கத்தையும் அடித்துத் திரும்ப எழுதச் சொன்னார். பக்கத்தின் தலைப்பில் கன அடி என்று அச்சிட்டிருக்கிறதே, ஒவ்வொரு வரியிலும் எதற்கு மை என்பது அவருடைய கேள்வி. அன்றிலிருந்து நான் எண்ணை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது என் பெருமை.

எங்கள் ஆற்றுக்கு இத்தனை அலகுகள் உண்டு என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் மழையை அங்குலத்தில் சொல்வார்கள். வனத்துறையில் மில்லிமீட்டர். எங்கள் அணையில் நீர்மட்டம் அடியில், வெளியேற்றம் கன அடியில். எல்லை தாண்டினால் எல்லாமே மீட்டர், கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது முப்பத்தைந்து கன அடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரே தண்ணீர்தான். எல்லையில் சுங்கச்சாவடி வைத்ததுபோல அங்கே எண் மாறிவிடும்.

பழனிச்சாமி எடுத்தார். பின்னணியில் தேங்காய் துருவும் சத்தமும் யாரையோ யாரோ ஏவும் சத்தமும் கேட்டன. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் தண்ணீர் திறக்கிறேன், இரண்டு மணிக்கு உங்களிடம் வரும், பயப்பட ஒன்றுமில்லை, பாலத்தின் மேல் ஏறாது என்று சொன்னேன்.

"வாயில சொன்னா எப்படீங்க மேடம். எழுத்துல ஒண்ணு அனுப்புங்க. நாலு பேருக்குக் காட்டோணுமல்லங்க."

அவர் பழனிச்சாமி. நான் நான். எழுத்து வேண்டும் என்று ஒருவர் கேட்டு நான் மறுத்ததே கிடையாது. அணையில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. சங்கொலிக் கம்பத்துக்குப் பக்கத்தில் உள்ள கட்டைச் சுவர். அதன் மேல் ஏறி நின்று, பதிவேட்டில் நான் எழுதிய வரியைப் படம் பிடித்து அனுப்பினேன். தேதி, நேரம், வெளியேற்றம் 500, என் கையெழுத்து, முத்திரை. மழைத்துளி படாமல் இருக்க, அந்த ஒரு வரி மட்டும் தெரியும்படி மேலே போஜன் குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். பக்கத்தின் தலைப்பு குடைக்கு அடியில் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு மதகு ஆறங்குலம் உயர்ந்தது.

தொண்ணூறு பேர் சீக்கிரம் வந்தார்கள்

அடுத்த சில மணி நேரத்தில் கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை. பழனிச்சாமி சொல்லிக் கேட்டேன், அவருடைய அடுத்த மனுவிலும் படித்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

அவர் படத்தை அந்த வார்டு உறுப்பினருக்கு அனுப்பினார். உறுப்பினர் அந்தப் பக்கத்து வழக்கப்படி 500 என்பதைக் கன மீட்டர் என்று எடுத்துக்கொண்டு மலையாளத்தில் ஒரு அறிவிப்பு எழுதி ஊர்க் குழுவில் போட்டார். அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? ஐந்நூறு கன மீட்டர் வந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் தென்னை மரத்தின் கொண்டை மட்டும்தான் தெரியும்.

அரை மணி நேரத்தில் ஆற்றோரம் முழுவதும் மேடேற ஆரம்பித்தது. ஆடுகள், பாய்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள், ஒரு தையல் இயந்திரம். பந்தல்காரர் பந்தலைப் பிரித்தார். சமையல்காரர் அரை வேக்காட்டில் இருந்த சாம்பார் அண்டாவை நான்கு பேர் தோளில் ஏற்றி, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். போகும் வழி முழுக்கத் தன் பரம்பரையைப் பற்றிச் சமையல்காரர் சொன்ன கருத்துகளைப் பழனிச்சாமி மனுவில் மேற்கோளாகக் காட்டியிருந்தார். இங்கே தவிர்க்கிறேன்.

எதிர்க்கரையிலும் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் இரவு ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள், பாதிப் பேர் தலை வாராமல், பகல் பன்னிரண்டரைக்கே பாலத்தைக் கடந்து வந்து நின்றார்கள். பெண்வீட்டில் சோறு இல்லை, பந்தல் இல்லை, மேளம் இன்னும் மன்னார்க்காட்டில் பஸ் ஏறவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா பழனிச்சாமியிடம் சொன்னாராம், "சம்மந்தி, உங்கூட்டு வரவேற்பு நல்லாத்தானிருக்குது. நாங்க திரும்பிப் போயிட்டுச் சாயங்காலமா வரட்டுங்களா?"

இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஒரு அடி உயர்ந்தது. பாலத்தின் கண்களுக்குள் சத்தமில்லாமல் புகுந்து போனது. மேட்டில் நின்று பார்த்த ஊர் முழுவதும் சிரித்தது. பழனிச்சாமி சிரிக்கவில்லை. என்னை அழைத்தார்.

எனக்கு விளங்க ஐந்து நொடி ஆயிற்று. பிறகு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முறைப்படி திருத்தம் சொன்னேன். அது கன அடி, உங்கள் அளவில் வெறும் பதினான்கு, தவறு என்னுடையது, எல்லாரும் தாராளமாகக் கீழே இறங்கலாம்.

அவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பந்தல் மூங்கில் முதலில் போயிற்று. அண்டா மறுபடி தோளேறியது. மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர், வீட்டுக்குப் போய்க் குளித்து உடுத்தி ஏழு மணிக்கு ஒழுங்காக வருகிறோம் என்று பாலத்தை நோக்கி நடந்தார்கள்.

மழைச்சாடி

அணைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மழை அளக்கும் சாடி ஒன்று வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துச் சொல்வது மாரியாயி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கொழுந்தெடுக்கும் வேலை. தினமும் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் சாடியைப் பார்த்துவிட்டுத் தோட்ட அலுவலகத்திலிருந்து எனக்குச் சொல்வார். நாளுக்கு ஒருமுறைதான். மாலையில் அவர் அழைத்ததே இல்லை.

அன்று மூன்று மணிக்கு அழைத்தார்.

"மேடம், சாடி நெறஞ்சி வழியுதுங்க. ஊத்திட்டு வச்சேன், காம்பரா வீட்டுக்குப் போயி சேலை மாத்திட்டு வாறதுக்குள்ள மறுக்கா பாதி நெறஞ்சிருச்சி. எனக்கு அளவு சொல்லத் தெரியல. நீங்களே பாத்துக்கிடுங்க."

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான வெள்ள அறிக்கை அதுதான். அதில் எந்த அலகும் இல்லை.

போஜன் அதற்குள் அளவுப்பலகைக்குப் போய்விட்டு வந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். ஒன்றரை அடி ஒரு அடியாகி, அது முக்கால் ஆகிக்கொண்டிருந்தது. ஆறங்குலம் போதாது. எல்லா மதகுகளையும் உயர்த்த வேண்டும். அந்தத் தண்ணீர் அதிகம் என்பதால் வேகமாகவும் போகும். ஏழு மணிக்குள் பாலத்தின் மேல் ஆள் உயரம் நிற்கும்.

கட்டைச் சுவரின் மேல் ஏறிப் பழனிச்சாமியை அழைத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். அண்டா பாதி வழியில் இருக்கிறது என்றார்.

"திருப்பி மேல கொண்டுபோங்க."

"ஏனுங்க மேடம், ஒரு அளவுல நில்லுங்க. காலைல ஐநூறுன்னீங்க, மத்தியானம் பதினாலுன்னீங்க. இப்ப எத்தனைங்க?"

மூவாயிரம் கன அடி, எண்பத்தைந்து கன மீட்டர் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். சரியாக இருந்து பயன் இருந்திருக்காது. அன்று அந்த ஊரில் என் எண்ணை நம்ப ஒருவரும் மிச்சமில்லை.

"கணக்க விடுங்க பழனிச்சாமி. உங்க மகளைக் கூட்டிட்டு மேல போங்க. மாப்பிள்ளை வீட்டுல ஒரு ஆளைக்கூடப் பாலத்துப் பக்கம் விடாதீங்க."



"இதையும் எழுத்துல குடுப்பீங்களா?" என்றார்.

"தர மாட்டேன்" என்றேன்.

அதுதான் அவரை நம்ப வைத்தது என்று பின்னால் சொன்னார். எழுத்தில் தராமல் இந்த அம்மா எதையும் சொன்னதில்லை, ஆகவே இது நிஜம் என்று நினைத்தாராம். என் நேர்மைக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் பாலத்துக்கு ஓடினார். மாப்பிள்ளையின் பெரியம்மா பாலத்தின் நடுவில் இருந்தார். தண்ணீர் இன்னும் அதே ஒரு அடியில், சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரச் சொல்லிக் கேட்க, அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறுத்துவிட்டார். காலையிலிருந்து மூன்று முறை இடம் மாறியாயிற்று, இனி முகூர்த்தத்துக்குத்தான் வருவேன் என்றார். பழனிச்சாமிக்கு வேறு வழி தெரியவில்லை. பாலத்தின் மேலேயே அவர் காலில் விழுந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் காலில் விழுந்த பிறகு சம்பந்தி வீட்டார் நடந்து போய்விட முடியாது. எங்கள் கையேட்டில் இல்லாத விதி இது. ஆனால் எல்லை கடந்தும் செல்லுபடியானது.

சத்தம் மட்டும் கேட்டது

மூன்றரைக்கு எல்லா மதகுகளையும் உயர்த்தினோம். விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் பாலம் மறைந்தது. பந்தல் போட்டிருந்த இடத்தில் வாழைகள் வரிசையாகப் படுத்தன. ஏழு மணிக்கு அந்தப் பாலத்தின் மேல் தாம்பாளங்களோடு தொண்ணூறு பேர் நடந்து வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கட்டைச் சுவரின் மேல் ஏறி அழைத்தேன். கேட்டது மேளம் இல்லை. மேளம் வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊர் இளைஞர்கள் திருவோணத்துக்குச் செண்டை கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செண்டைக்குத்தான் தாலி கட்டினார்கள். பூக்களப் போட்டிக்குப் போட்டிருந்த பெரிய பூக்கோலத்தைச் சுற்றித்தான் மணமக்கள் வலம் வந்தார்கள். அதற்கே முதல் பரிசும் கொடுத்தார்களாம். மதியம் ஓணச் சாப்பாடும் கல்யாணச் சாப்பாடும் ஒரே இலையில். கொள்ளுப்பருப்புக்குப் பக்கத்தில் அவியல்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க மேடம்" என்றார் பழனிச்சாமி. அடுத்த மூச்சிலேயே, "என்ற மோட்டாரு போயிருச்சுங்க" என்றார்.

சாம்பார் அண்டாவை இரண்டு முறை மேலேற்றியவர், மோட்டாரை மறந்துவிட்டார். அந்த மனுவும் முறைப்படி வந்தது. நகல் எட்டுப் பேருக்கு. இந்த முறை நான் உரிய அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்லியார் வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பலாப்பழத்தோடு, நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மணப்பெண்ணைப் பார்த்தேன். என்னை அவளுக்கு அறிமுகம் செய்தபோது, "ஐநூறு மேடமா?" என்று கேட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் எனக்கு அதுதான் பெயர்.

எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அணை முழுக் கொள்ளளவை எட்டுவதற்கு முன்பே, கீழ்ப்பகுதியின் ஒப்புகை இல்லாமல், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நீர் திறந்ததற்கு விளக்கம் தர வேண்டும். கேள்வி முற்றிலும் சரி. ஓய்வு பெற எனக்கு இரண்டு ஆண்டு இருந்தது. நான் இப்படிப் பதில் எழுதினேன்: ஒப்புகை கோரி அனுப்பப்பட்ட தொலைநகலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அது கிடைத்ததும் விளக்கம் சமர்ப்பிக்கப்படும். இதை மறுக்க எந்த விதியும் கிடையாது. கோப்பு நிலுவையில் போயிற்று.

இடையில் நானும் போஜனும் இரண்டு வேலை செய்தோம். பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு அலகுகளும் விழும்படி ஒரு ரப்பர் முத்திரை செய்தோம். கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினோம். அதில் மாரியாயி, பழனிச்சாமி, வார்டு உறுப்பினர், கீழ் அலுவலகத்து உதவிப் பொறியாளர் தாமஸ். தாமஸ் இளைஞர், நல்ல பிள்ளை. முதல் நாளே மன்னிப்புக் கேட்டார். "மேடம், ஓணத்துக்கு மாவேலி ராஜா வரும்னு லீவு விட்டு. ஆறு வரும்னு ஞான் நினச்சில்லா" என்றார். அவர்களுடைய தொலைநகல் இயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்ததாம். புதிய கட்டு வைத்ததும் என் கடிதம் தானாக வெளியே வந்திருக்கிறது. அதற்கு ஒப்புகை தர அவருடைய மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும், மேலதிகாரிக்கு அவருடைய மேலதிகாரியின் கருத்து வேண்டும். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய கையேடும் நல்ல கையேடுதான்.

அந்தக் குழுவைக் கொண்டுதான் அதற்குப் பிறகு வந்த எல்லா வெள்ளத்தையும் சமாளித்தோம். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓடுகிறது. எந்தப் பிரிவின் கீழ் இயங்குகிறது என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டுவிடாதீர்கள்.

கீழ் அலுவலகத்திலிருந்து முறையான பதிலும் ஒருவழியாக வந்தது. பார்வையில் கண்ட தங்கள் தொலைநகல் கிடைக்கப்பெற்றது. உத்தேசித்துள்ள நீர் திறப்புக்கு இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. எனினும் ஓண விடுமுறை நாட்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

உள்வரவு முத்திரை குத்தும்போது கைப்பேசியில் குழு ஒலித்தது. பழனிச்சாமி ஒரு படம் போட்டிருந்தார். தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. பேத்தி பிறந்து பதினாறாம் நாள், பெயர் வைத்தாயிற்று என்று கீழே எழுதியிருந்தார். நான் முத்திரைக்குள் தேதியை நிரப்பினேன். திருமணத்துக்கு அடுத்த ஆண்டு, ஜூன் பதினொன்று.